பத்திரம் ஒருவர் பெயரில், சாவி இன்னொருவர் கையில்: ஹைட்டியின் பாதிரியார் அதிபர்

கரீபியன் என்றாலே நமக்கு முதலில் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். ஹைட்டிக்கும் கிரிக்கெட்டுக்கும் சம்பந்தமில்லை. அதனால்தானோ என்னவோ, நிலநடுக்கம் வந்தாலோ ஆட்சி கவிழ்ந்தாலோ ஒழிய அந்தப் பெயர் நம் காதில் விழுவதில்லை. விழும்போதெல்லாம் கூடவே ஒரு வரியும் வரும்: "அங்கே ஒரு பாதிரியார் அதிபரா இருந்தாராமே!"

அந்த ஒரு வரியை வைத்து ஆளாளுக்கு ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். சர்ச் ஆட்சியைப் பிடித்தது என்பார் ஒருவர். அங்கி போட்ட கம்யூனிஸ்ட் என்பார் இன்னொருவர். அமெரிக்கா அவரைக் காப்பாற்றியது என்று ஒருவர், இல்லை அமெரிக்காதான் நாடு கடத்தியது என்று இன்னொருவர். கடைசி இருவரும் பத்து வருட இடைவெளியில் நடந்த இரண்டு வேறு சம்பவங்களைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பாதிரியாரின் பெயர் ழான் பெர்ட்ரான் அரிஸ்டீட். ஜனங்கள் செல்லமாக 'டிட்டீட்' என்பார்கள். கத்தோலிக்கம், ராணுவம், கடன், தேர்தல் என்று நாலைந்து விஷயங்கள் பின்னிக் கிடக்கிற கதை இது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

பூச்சாண்டிகள் காவல் காத்த நாடு

ஹைட்டியை 1957 முதல் 1986 வரை ஒரே குடும்பம் ஆண்டது. அப்பா பிரான்சுவா துவாலியே, டாக்டர். 1957-இல் தேர்தலில் ஜெயித்து வந்தவர், 1964-இல் தன்னை ஆயுட்கால அதிபராக அறிவித்துக்கொண்டார். 1971-இல் அவர் இறந்ததும் மகன் ழான் குளோத் நாற்காலியில் உட்கார்ந்தார். மகனுக்கு அப்போது வயது 19.

ராணுவம் எப்போது வேண்டுமானாலும் தன்னையே கவிழ்க்கலாம் என்று அப்பா துவாலியேவுக்குப் பயம். அதனால் தனக்கென்று ஒரு அடியாள் படையைத் தனியாக வளர்த்தார். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'தொந்தோன் மக்கூட்'. 'சாக்குப்பை மாமா' என்று அர்த்தம். அடம்பிடிக்கும் குழந்தைகளைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவான் என்று அந்த ஊர்த் தாய்மார் சொல்லும் கதை மாமா அவன். நம் ஊரில் பூச்சாண்டி, பிள்ளை பிடிக்கிறவன் என்கிறோமே, அதே ஆள்தான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே அவன் நிஜமாகவே வந்தான், பெரியவர்களையும் தூக்கிக்கொண்டு போனான்.

இதில் நமக்கு முக்கியமான ஒரு தகவல் உண்டு. 1966-இல் வத்திக்கானோடு செய்துகொண்ட உடன்பாட்டில், ஆயர்களை நியமிப்பதில் துவாலியேவின் விருப்பத்துக்கு இடம் கிடைத்தது. ஆயர் என்பவர் ஒரு பகுதியின் கோயில்கள், பாதிரியார்கள் எல்லோருக்கும் தலைவர். ஆக, மேல்மட்டத்தில் ஆட்சிக்கு வேண்டியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கீழே சேரிகளிலும் கிராமங்களிலும் வேலை பார்த்த பங்குத்தந்தைகள் வேறு உலகத்தில் இருந்தார்கள். "சர்ச் என்ன சொன்னது?" என்று யாராவது கேட்டால், எந்த சர்ச் என்று திருப்பிக் கேட்கவேண்டிய நாடு அது.

பொட்டலமும் வாய்க்காலும்

இந்தக் கீழ்மட்டப் பாதிரியார்களைப் பிடித்துக்கொண்ட சிந்தனைக்கு விடுதலை இறையியல் என்று பெயர். அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இதுதான்.

மழைக்காலத்தில் ஒரு தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பது ஒரு உதவி. யாரும் குறை சொல்ல மாட்டார்கள், போட்டோகூட எடுப்பார்கள். "அதெப்படி ஒவ்வொரு வருடமும் இந்தத் தெருவில் மட்டும் தண்ணீர் நிற்கிறது? வாய்க்காலை அடைத்துக் கட்டடம் கட்டியது யார்?" என்று கேட்பது இன்னொரு விதமான உதவி. இந்தக் கேள்வியைக் கேட்ட உடனே சிலருக்கு முகம் மாறும்.

விடுதலை இறையியல் இந்த இரண்டாவது கேள்வியைப் பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது. வறுமை தலையெழுத்து அல்ல, மனிதர்கள் செய்துவைத்த ஏற்பாடு. அந்த ஏற்பாடே பாவம். கடவுள் ஏழைகளின் பக்கம் நிற்கிறார் என்பது அதன் சாரம். 1968-இல் கொலம்பியாவின் மெதெயின் நகரில் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்கள் மாநாடு இதற்குக் கதவைத் திறந்தது. பெரு நாட்டுப் பாதிரியார் குஸ்தாவோ குத்தியரெஸ் இதற்கு ஒரு முழு வடிவம் கொடுத்தார்.

அப்படியானால் இது கம்யூனிசமா? சமூகத்தை அலசுவதற்கு மார்க்ஸின் சில கருத்துகளை இவர்களில் பலர் கடன் வாங்கினார்கள் என்பது உண்மை. 1984-இல் வத்திக்கான் வெளியிட்ட எச்சரிக்கையும் அதைத்தான் குறிவைத்தது. ஆனால் ஆரம்பப்புள்ளி மார்க்ஸ் அல்ல. எகிப்தில் செங்கல் சுமந்த அடிமைகளைக் கடவுள் மீட்டுக் கொண்டுவந்த யாத்திராகமக் கதைதான் இவர்களுடைய முதல் பாடம். அடிமைகளே கிளர்ந்தெழுந்து 1804-இல் விடுதலை வாங்கிய நாடு ஹைட்டி. அங்கே அந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை.

அன்பியம் என்றால் தெரியும்தானே?

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களுக்கு 'அன்பியம்' பழகிய சொல். பங்கில் இருக்கும் குடும்பங்கள் இருபது முப்பதாகச் சேர்ந்து யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பைபிள் வாசித்து, ஜெபித்து, தெரு விஷயங்களையும் பேசுகிற சின்னக் குழு. ஹைட்டியில் இதே மாதிரிக் குழுக்கள் இருந்தன. அவர்கள் வைத்த பெயர் 'டி லெக்லீஸ்', அதாவது குட்டி சர்ச்.

நாலு பேர் கூடிப் பேசினாலே மக்கூட் வந்து நிற்கிற நாட்டில், ஜெபக்கூட்டம் ஒன்றுதான் கூடிப்பேச மிஞ்சியிருந்த இடம். அங்கே உட்கார்ந்து "என் மகனுக்கு ஏன் மருந்து கிடைக்கவில்லை?" என்று ஒருத்தி கேட்டால் அது ஜெபமா, அரசியலா?

இதோடு மொழியும் சேர்ந்துகொண்டது. ஹைட்டியில் கிட்டத்தட்ட எல்லோரும் பேசுவது கிரியோல். கோர்ட், ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் பிரெஞ்சு. 1987 அரசியல் சட்டம் வந்துதான் கிரியோல் பிரெஞ்சுக்குச் சமமான ஆட்சிமொழி ஆனது. அதற்கு முன்பே சர்ச்சின் 'ரேடியோ சொலேய்' கிரியோலில் பேச ஆரம்பித்திருந்தது. சேரியில் டிரான்சிஸ்டர் வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் வீட்டுப் பேச்சு காற்றில் வந்தது.

அரிஸ்டீட் இந்த மண்ணில் விளைந்தவர். 1953-இல் தெற்குக் கடலோரத்து போர்ட் சலூவில் பிறந்தார். படித்தது சலேசியர்களிடம். நம் ஊர் டான் போஸ்கோ பள்ளிகளை நடத்துகிறார்களே, அதே துறவற சபைதான். துறவற சபை என்பது ஒரே தலைமைக்குக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்துச் சேர்ந்து வாழும் துறவிகளின் அமைப்பு. 1982-இல் குருப்பட்டம் வாங்கிய அரிஸ்டீட், தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் லா சலீன் சேரியை ஒட்டியிருந்த புனித ழான் போஸ்கோ கோயிலுக்கு வந்து சேர்ந்தார்.

ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி, மெல்லிய குரல். ஆனால் மறையுரை சொல்ல எழுந்தால் கோயில் அதிரும். அவர் பிடித்துக்கொண்ட ஆயுதம் கிரியோல் பழமொழி. "தண்ணீருக்குள் கிடக்கும் கல்லுக்கு வெயிலில் கிடக்கும் கல்லின் வேதனை தெரியாது" என்பது அந்த ஊர்ச் சொலவடை. தண்ணீருக்குள் கிடக்கும் கற்களுக்கும் வெயில் என்னவென்று ஒருநாள் தெரியவரும் என்று அவர் அதைத் திருப்பிப் போடுவார். ஏழைகளுக்கு இது நம்பிக்கை. மலைமேல் பங்களாக்களில் இருந்தவர்களுக்கு இது மிரட்டல். இரண்டு பேரும் கேட்டது ஒரே வாக்கியம்தான்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: அடியாள் ஆட்சி, அதற்கு இணங்கிப்போன சர்ச் மேல்மட்டம், அதற்கு எதிராகக் கீழே குட்டிக் குழுக்களும் ரேடியோவும் கிரியோலும். அந்த வலைப்பின்னலின் குரலாக ஒரு சேரிப் பாதிரியார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி

1983 மார்ச்சில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஹைட்டிக்கு வந்தபோது, "இங்கே ஏதாவது மாறியாக வேண்டும்" என்று அதிபரை வைத்துக்கொண்டே சொன்னார். அந்த வரி நாடு முழுக்கப் பரவியது. 1986 பிப்ரவரி 7 அன்று மகன் துவாலியே அமெரிக்க விமானத்தில் ஏறிப் பிரான்சுக்கு ஓடினார். அப்புறம் நடந்ததற்கு ஜனங்கள் வைத்த பெயர் 'தெஷுக்காஜ்'. மரத்தை வேரோடு பிடுங்குவது என்று பொருள். மக்கூட்களைத் தேடித் தேடி அடித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள்.

ஆனால் பிடுங்கியது மேல்வேரை மட்டும்தான். ஆட்சி ராணுவத்தின் கைக்குப் போனது. 1987 நவம்பர் 29-இல் நடக்க இருந்த தேர்தலில், ஓட்டுப்போட வரிசையில் நின்றவர்களையே சுட்டும் வெட்டியும் கொன்றார்கள். சில மணி நேரத்தில் தேர்தல் ரத்து.

அரிஸ்டீட் வாயை மூடவில்லை. 1988 செப்டம்பர் 11, ஞாயிறு காலை, புனித ழான் போஸ்கோ கோயில் நிரம்பி வழிந்தது. திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போது, கையில் சிவப்புத் துணி கட்டிய ஒரு கும்பல் துப்பாக்கியும் வெட்டரிவாளும் ஈட்டியுமாக உள்ளே புகுந்தது. வெளியே நின்ற சீருடைக்காரர்கள் தடுக்கவில்லை. குறைந்தது 13 பேர் செத்தார்கள், எழுபதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தியும் குத்துப்பட்டாள். கடைசியில் கோயிலுக்கே தீ வைத்தார்கள். அரிஸ்டீடைச் சுற்றியிருந்தவர்கள் இழுத்துக்கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். ஒரே வாரத்தில், சாதாரணச் சிப்பாய்களே கலகம் செய்து அந்த ராணுவ ஆட்சித் தலைவரைக் கவிழ்த்தார்கள்.

அந்த வருடம் டிசம்பரில் சலேசிய சபை அரிஸ்டீடை வெளியேற்றியது. வெறுப்பைத் தூண்டுகிறார், வர்க்கப் போராட்டத்தைப் போற்றுகிறார் என்பவை குற்றச்சாட்டுகள். கோயில் எரிந்தது, கோயிலில் பேசியவர் வெளியே போனார். இந்த வரிசையை அவருடைய ஆதரவாளர்கள் மறக்கவே இல்லை.

அம்பயர் பேட் பிடிக்கலாமா?

பாதிரியார் அரசியலுக்கு வரலாமா என்பதில்தான் பேச்சு ரொம்பக் குழம்பும். "அதெல்லாம் அவரவர் உரிமை" என்று கடந்துபோக முடியாது. கத்தோலிக்கத்தில் இதற்கு எழுதப்பட்ட விதி இருக்கிறது.

உலகம் முழுக்க உள்ள கத்தோலிக்கத் திருச்சபையை நடத்தும் விதிகளின் தொகுப்புக்குத் திருச்சபைச் சட்டம் என்று பெயர். 1983-இல் வந்த தொகுப்பில் 285-ஆம் விதி, அரசு அதிகாரத்தைச் செலுத்தும் பதவிகளைக் குருக்கள் ஏற்கக்கூடாது என்கிறது. 287-ஆம் விதி கட்சிகளில் தீவிரமாக ஈடுபடுவதையும் தடுக்கிறது. காரணம் எளிது. அம்பயர் பேட்டைத் தூக்கிக்கொண்டு ஆட இறங்கினால், எதிரணி இனி அவரிடம் அவுட் கேட்க வராது. பாவசங்கீர்த்தனம் கேட்கிற ஆள் எல்லாக் கட்சிக்காரருக்கும் பொதுவாக இருக்கவேண்டும் அல்லவா?

விடுதலை இறையியல்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். ஒரு அணி கையில் பேட், இன்னொரு அணி கையில் துப்பாக்கி என்றால், நடுநிலை அம்பயர் யார் பக்கம் நிற்கிறார் என்பதே அது. எனக்கு இரண்டு வாதமுமே சரியாகத்தான் படுகிறது. ஹைட்டியில் சிக்கல் தீராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். "1988-லேயே அவரைத் தூக்கிவிட்டார்களே, அப்புறம் எப்படிப் பாதிரியார்?" என்று கேட்பார்கள். ஒரு ஆஸ்பத்திரி டாக்டரை வேலையை விட்டு நீக்கலாம். அதனால் அவர் டாக்டர் இல்லை என்றாகிவிடுமா? ஆகாது. துறவற சபையிலிருந்து வெளியேற்றுவதும் அப்படித்தான். சபை போய்விட்டது, குருத்துவம் இருந்தது. 1990-இல் தேர்தலில் நின்றபோதும் 1991-இல் அதிபராக உறுதிமொழி எடுத்தபோதும் அவர் கத்தோலிக்கக் குருதான், 285-ஆம் விதியை மீறிய குரு. 1994 கடைசியில்தான் குருத்துவப் பொறுப்புகளிலிருந்து முறைப்படி விலகினார். 1996 ஜனவரியில் கல்யாணம் செய்துகொண்டார்.

அதே கடலில், பக்கத்துத் தீவான ஜமைக்காவைப் பாருங்கள். அங்கே ரொனால்ட் த்வெய்ட்ஸ் என்ற கத்தோலிக்கத் திருத்தொண்டர் எம்.பி.யாகவும், 2012 முதல் 2016 வரை கல்வி அமைச்சராகவும் இருந்தார். யாரும் அவரை விலக்கவில்லை. திருத்தொண்டர் என்பது குருவுக்கு அடுத்த கீழ்ப்படி. அந்த நிலையிலேயே நிரந்தரமாக இருப்பவர்களுக்கு இந்தத் தடைகள் பொருந்தாது என்று 288-ஆம் விதி விலக்குக் கொடுக்கிறது. அதே ஜமைக்காவில் 2009-இல் கவர்னர் ஜெனரல் ஆன பாட்ரிக் ஆலன், செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையின் போதகர். அவருக்கு வத்திக்கான் விதியே கிடையாது, பதவியும் பெரும்பாலும் கையெழுத்துப் போடுகிற பதவி. ஆகவே 'கரீபியனில் மதகுருக்கள் அரசியல்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டக்கூடாது. எந்தச் சபை, எந்தப் படிநிலை, எந்தப் பதவி என்று மூன்றையும் கேட்கவேண்டும்.

சேவல் சின்னம்

1990 டிசம்பரில் ஹைட்டியின் முதல் உண்மையான தேர்தல். களத்தில் முன்னணியில் இருந்தவர் மார்க் பஸான், உலக வங்கியில் வேலை பார்த்தவர். அந்த நேரத்தில் மக்கூட்களின் பழைய தலைவர் ரோஜே லஃபோந்தான் நானும் நிற்கிறேன் என்று கிளம்பினார். அதற்குப் பதிலாகத்தான் அக்டோபரில், தேர்தலுக்கு இரண்டே மாதம் இருக்கும்போது, அரிஸ்டீட் இறங்கினார்.

கட்சி இல்லை. வேறொரு கூட்டணியின் பெயரிலும் அதன் சேவல் சின்னத்திலும் நின்றார். படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் உள்ள நாட்டில் சின்னம்தான் பெயர். அது நமக்குத் தெரியாததா? தன் இயக்கத்துக்கு அவர் வைத்த பெயர் 'லாவலாஸ்'. மழை கொட்டியதும் மலையிலிருந்து இறங்கி, வழியில் இருக்கும் குப்பையையெல்லாம் அடித்துக்கொண்டு போகும் காட்டாற்று வெள்ளம் என்று பொருள். "தனியாக இருந்தால் பலவீனம், சேர்ந்தால் பலம், எல்லோரும் சேர்ந்தால் லாவலாஸ்" என்று கிரியோலில் பாட்டாகவே கோஷம் போட்டார்கள்.

டிசம்பர் 16 அன்று அரிஸ்டீடுக்கு 67 சதவீத ஓட்டு. பஸானுக்கு 14.

அடுத்த மாதமே லஃபோந்தான் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார். ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள், சில மணி நேரத்தில் ராணுவமே லஃபோந்தானைக் கைது செய்தது. ஆத்திரம் அதோடு அடங்கவில்லை. "போல்ஷெவிசம் வருகிறது" என்ற தொனியில் புத்தாண்டு மறையுரை சொல்லியிருந்த பேராயர் மேலும் கோபம் திரும்பியது. பழைய பேராலயமும் வத்திக்கான் தூதரகமும் எரிந்தன. சர்ச் ஆட்சியைப் பிடித்தது என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும்.

பத்திரமும் சாவியும்

கதையின் மையம் இதுதான். ஒரு வீட்டை வாங்குகிறீர்கள். பத்திரம் உங்கள் பெயரில் பதிவாகிவிட்டது. ஆனால் பழைய குடித்தனக்காரர் காலி செய்ய மாட்டேன் என்கிறார். சாவி, மோட்டார் சுவிட்ச், மீட்டர் பாக்ஸ் எல்லாம் அவர் கையில். வீடு யாருடையது? சட்டப்படி உங்களுடையது. ராத்திரி யார் உள்ளே படுக்கிறார் என்பது வேறு விஷயம்.

67 சதவீத ஓட்டு அரிஸ்டீடுக்குக் கொடுத்தது பத்திரம். சாவிகள் மூன்று பேரிடம் இருந்தன.

முதலாவது ராணுவம். சுமார் 7,000 பேர்தான், ஆனால் அவர்களுக்கு எதிரி நாடு என்று எதுவும் இல்லை. உள்நாட்டு ஜனங்களை அடக்குவதே வேலை. கிராமங்களில் 'செக்ஷன் சீஃப்' என்று ஒரு ஆள் உண்டு. வரி வசூல், கைது, தண்டனை எல்லாம் அவனே. அவனும் ராணுவத்தின் ஆள்.

இரண்டாவது நாடாளுமன்றம். சர்வாதிகாரம் திரும்ப வரக்கூடாது என்பதற்காக எழுதப்பட்ட 1987 அரசியல் சட்டம், அதிபரின் கையைக் கட்டி பிரதமருக்கும் நாடாளுமன்றத்துக்கும் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தது. அரிஸ்டீடுக்குக் கட்சி இல்லாததால் அங்கே சொந்த ஆட்களும் இல்லை. சேவல் சின்னம் கொடுத்த கூட்டணியை ஒதுக்கிவிட்டு, தன் நண்பர் ரெனே ப்ரெவாலைப் பிரதமராக்கினார். இது அவருடைய சொந்தத் தப்பு என்றுதான் சொல்வேன். ஆகஸ்டில் ப்ரெவால் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது, அரிஸ்டீடின் ஆதரவாளர்கள் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்து உறுப்பினர்களை மிரட்டினார்கள்.

மூன்றாவது பணம். இறக்குமதி, மில், வங்கி எல்லாம் ஒரு சில குடும்பங்களிடம். குறைந்தபட்சக் கூலியை உயர்த்தப்போகிறார் என்றதுமே அவர்கள் தூக்கம் போனது.

பிரசங்க மேடையில் ஒருவர் பேசினால் கேட்பவர்கள் மனம் மாறினால் போதும். அரசாங்கத்தில் பேசினால் அதைச் செய்து முடிக்க ஆள் வேண்டும். 1991 பிப்ரவரி 7 அன்று, பதவியேற்ற மேடையிலேயே, பல ஜெனரல்களை ஓய்வில் அனுப்பும்படி தளபதியிடம் சொன்னார் அரிஸ்டீட். கூட்டம் ஆர்ப்பரித்தது. மறையுரையாக அது அபாரம். ஆனால் ஓய்வுபெற்றவர்களின் இடத்துக்கு வந்தவர்களும் அதே ராணுவம்தானே? ஜூலையில் அவரே தளபதி பொறுப்பில் அமர்த்திய ஆள் ரவுல் செட்ராஸ்.

செப்டம்பர் 27 அன்று அரிஸ்டீட் பேசிய பேச்சு இன்றுவரை சர்ச்சை. எதிரியின் கழுத்தில் டயரை மாட்டிக் கொளுத்துகிற தெரு வன்முறையைப் புகழ்ந்தார் என்பார்கள் எதிரிகள். அரசியல் சட்டத்தைத்தான் 'அழகான கருவி' என்றேன் என்பது அவர் தரப்பு. எதைச் சொல்லியிருந்தாலும், ராணுவம் பாய்வதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு அதிபர் அப்படி இரட்டை அர்த்தத்தில் பேசியிருக்கக்கூடாது. தண்ணீர்க்கல், வெயில்கல் பாணி கோயிலில் செல்லுபடியானது, அரண்மனையில் ஆகவில்லை. இரண்டே நாளில் செட்ராஸின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மொத்தம் எட்டு மாதம்கூட ஆகவில்லை.

ஆக, ஓட்டு அதிகாரத்தைத் தருகிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். ஓட்டு தருவது உரிமை. அதை அதிகாரமாக மாற்ற போலீஸ், கட்சி, கஜானா வேண்டும். அரிஸ்டீடிடம் இருந்தது குரலும் கூட்டமும்தான்.

பத்து வருடத்தில் இரண்டு விமானங்கள்

அடுத்த மூன்று வருடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் என்பது பரவலான மதிப்பீடு. பல்லாயிரம் பேர் ஓட்டைப் படகுகளில் அமெரிக்காவை நோக்கிக் கிளம்பினார்கள். அவர்களைக் கடலிலேயே மடக்கி, கியூபா தீவில் அமெரிக்கா வைத்திருக்கும் குவாந்தனாமோ தளத்தில் அடைத்தார்கள். ராணுவம் வைத்த அரசை அங்கீகரித்த ஒரே அரசு வத்திக்கான். இதைப் படிக்கும்போது எனக்கு இன்னமும் ஒரு மாதிரியாக இருக்கும்.

அகதிகள் வருகையும் உள்நாட்டு நெருக்கடியும் சேர்ந்து அமெரிக்காவை அசைத்தன. 1994 செப்டம்பரில் சுமார் 20,000 அமெரிக்க வீரர்கள் இறங்க, செட்ராஸ் வெளியேறினார். அக்டோபர் 15 அன்று அமெரிக்க விமானத்தில் வந்திறங்கிய அரிஸ்டீட், குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஜனங்களிடம் பேசினார்.

வந்த விமானத்துக்கு டிக்கெட் விலை இருந்தது. நாடு கடந்து கழித்த மூன்று வருடமும் பதவிக்காலத்தில் கழிக்கப்பட்டது. இறக்குமதி வரிகளைக் குறைக்கவேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. அரிசிக்கு வரி 3 சதவீதமாக இறங்கியது. மலிவான அமெரிக்க அரிசி வந்து குவிய, ஆர்த்திபோனித் பள்ளத்தாக்கின் நெல் விவசாயிகள் படுத்துப்போனார்கள். அப்போது அதிபராக இருந்த பில் கிளின்டனே 2010-இல், அது தப்பு, தன் சொந்த மாநிலமான ஆர்கன்சாஸ் விவசாயிகளுக்கு நல்லதாக இருந்திருக்கலாம், ஹைட்டிக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

1995-இல் அரிஸ்டீட் செய்த பெரிய காரியம் ராணுவத்தையே கலைத்தது. சாவிக்கொத்தைப் பிடுங்கிவிட்டார், பூட்டும் புதிதாகப் போட்டார். ஆனால் வேலை போன சிப்பாய்கள் துப்பாக்கியோடுதான் வீட்டுக்குப் போனார்கள். 1996 பிப்ரவரியில் ப்ரெவாலிடம் பதவியை ஒப்படைத்தார். தேர்தலில் ஜெயித்த ஒருவர் தேர்தலில் ஜெயித்த இன்னொருவரிடம் ஆட்சியைக் கொடுத்தது ஹைட்டி வரலாற்றில் அதுவே முதல் தடவை.

இரண்டாவது ஆட்சியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் பெருமைப்பட அதிகம் இல்லை. 2000 மே மாதத் தேர்தலில் அவருடைய ஃபான்மி லாவலாஸ் கட்சி எப்படியும் ஜெயித்திருக்கும். ஆனால் சில செனட் இடங்களில், எல்லா வேட்பாளர்களின் ஓட்டையும் கூட்டாமல் முதல் நான்கு பேர் வாங்கியதை மட்டும் கூட்டி, அதில் பாதிக்கு மேல் வந்துவிட்டது என்று ஜெயித்ததாக அறிவித்தார்கள். தேர்தல் கவுன்சில் தலைவர் கையெழுத்துப் போட மறுத்து நாட்டை விட்டே போனார். இதைச் சாக்காக வைத்து வெளிநாட்டு உதவியும் கடனும் நிறுத்தப்பட்டன. எதிர்க்கட்சிகள் புறக்கணித்த நவம்பர் தேர்தலில் அரிஸ்டீட் மறுபடி அதிபரானார். கஜானா காலி, எதிரிகள் அதிகம், சேரிகளில் அவர் பெயரைச் சொல்லித் திரிந்த ஆயுதக் கும்பல்கள் வேறு. 2000-இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிரபல வானொலிப் பத்திரிகையாளர் ழான் தொமினிக்கின் வழக்கு நகரவே இல்லை. ஏழைகளின் பாதிரியார் என்று கொண்டாடிய பழைய தோழர்கள் பலர் விலகிப்போனார்கள்.

அந்த ஆட்சியில் ஒரு காரியம் மட்டும் தனியாகத் தெரியும். விடுதலையான ஹைட்டியை அங்கீகரிக்க, 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி வைத்துக்கொண்டு 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கேட்டது. அடிமைகளை இழந்த எஜமானர்களுக்கு! பின்னால் 9 கோடியாகக் குறைத்தார்கள். இதற்காக வாங்கிய கடனும் வட்டியும் 1947-இல்தான் தீர்ந்தது. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று 2003-இல் பிரான்சிடம் கேட்டார் அரிஸ்டீட். அவர் நீட்டிய பில்லில் தொகை: 2,168 கோடியே 51 லட்சத்து 35 ஆயிரத்து 571 டாலர் 48 சென்ட். அந்த 48 சென்ட்டை நினைத்தால் சிரிப்பும் வரும், கொஞ்சம் மரியாதையும் வரும்.

2004 பிப்ரவரியில் கோனாயீவ் நகரில் கலவரம் வெடித்தது. முதலில் கிளம்பியது ஒருகாலத்தில் அரிஸ்டீட் பக்கம் இருந்த கும்பல். அவர்களோடு வந்து சேர்ந்துகொண்டவர்கள், 1995-இல் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போன அதே பழைய சிப்பாய்கள். பிப்ரவரி 29 விடிகாலை, மறுபடியும் ஒரு அமெரிக்க விமானம். இந்த முறை வெளியே. கடத்திக்கொண்டு போனார்கள் என்கிறார் அரிஸ்டீட், தானாக ராஜினாமா செய்தார் என்கிறது அமெரிக்கா. விமானம் இறங்கிய இடம் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு. அவர் விட்டுப்போன ஹைட்டிக்கு ஐ.நா. அமைதிப்படை வந்தது, 2017 வரை இருந்தது. அந்தப் படையில் இருந்த இலங்கை ராணுவத்தினரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாலியல் குற்றச்சாட்டுகளின் பேரில் 2007-இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நம் பக்கத்து ஊடகங்களில் ஹைட்டியின் பெயர் அடிபட்ட சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

தென்னாப்பிரிக்காவில் ஏழு வருடம்

அரிஸ்டீட் கடைசியில் தங்கியது தென்னாப்பிரிக்காவில். அங்கே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஜூலு மொழி படித்தார். ஜூலுவுக்கும் ஹைட்டிக் கிரியோலுக்கும் உள்ள உறவைத் தேடி ஆய்வு செய்து 2007-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். நாற்காலி, கட்சி, அங்கி எல்லாம் போன பிறகும் அவர் கையில் மிஞ்சியிருந்தது மொழிதான் போல.

2011 மார்ச் 18 அன்று ஊர் திரும்பியபோது, வீட்டுச் சுவர் ஏறிக் குதித்து உள்ளே வந்து ஜனங்கள் வரவேற்றார்கள். அப்புறம் எந்தத் தேர்தலிலும் அவர் நிற்கவில்லை. தன் அறக்கட்டளையின் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்லூரியை மறுபடி திறந்து நடத்துகிறார். அவர் கலைத்த ராணுவத்தை 2017 நவம்பரில் வேறொரு அதிபர் திரும்பக் கொண்டுவந்தார்.